எழுத்தின் பிறப்பை உரைத்த பவணந்தி முனிவர்

தமிழன்னைக்குச் சமணச் சான்றோர் அணிவித்த அணிகலன்கள் பல. காப்பியத்தில் சீவக சிந்தாமணி, அறநூலில் நாலடியார், நிகண்டில் சூடாமணி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் பள்ளிச் சிறுவர் முதல் புலவர் வரை அனைவர் கையிலும் தவழ்ந்த பேறு நன்னூல் ஒன்றற்கே உரியது. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவரின் வரலாற்றையும், எழுத்தொலியின் உள்ளமைப்பைப் பற்றி அவர் வகுத்துரைத்த கொள்கையையும் இக்கட்டுரையில் காண்போம். நன்னூலைக் கற்றவர் பலர். அதன் எழுத்தியலுக்கு அடித்தளமாய் அமைந்தது ஆருகத மெய்ப்பொருளியல் என்பதை உணர்ந்து கற்றவர் சிலரே. அதை எடுத்துக்கூறுதலே நம் நோக்கம்.

அதியர் நாடும் அருந்தவப் பள்ளிகளும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் அதியமான்கோட்டை. தகடூரைத் தலைநகராய்க் கொண்டு ஆண்ட அதியர் மரபின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்பது அவ்வூர். ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியை நாடறியும். அவன் துறவோருக்குச் செய்த அறம் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, நெடுமான் அஞ்சி பள்ளி ஒன்றை ஈந்ததைக் கூறுகிறது. துறவோர் தங்கித் தவமியற்றிய குகைப் பள்ளியே அது.

அவ்வறம் அம்மரபில் தொடர்ந்தது. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுளம்ப மன்னன் மகேந்திரனின் ஆட்சியில் தகடூரிலேயே ஜினாலயம் ஒன்று எழுந்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் அதனை எடுப்பித்தனர். அதன் பொருட்டுக் கனகசேன சித்தாந்த பட்டாரருக்கு ஊர் ஒன்று அறமாக அளிக்கப்பட்டதைத் தருமபுரிக் கல்வெட்டால் அறிகிறோம். பின்னும் மூன்று நூற்றாண்டுகள் கழித்துத் தகடூரை ஆண்டவன் விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான். போளூரை அடுத்த திருமலையில் தன் முன்னோன் எழினி அமைத்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் பழுதுற்றிருந்ததைக் கண்டு, அவற்றைப் புதுப்பித்து மலைமேல் எழுந்தருளச் செய்தான் அவன். அத்திருப்பணியைத் திருமலைக் கல்வெட்டு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த விடுகாதழகிய பெருமாள் மூன்றாம் குலோத்துங்க சோழனின் காலத்தவன். அதே காலத்தில் தகடூருக்கு வடபால், குவலாலபுரம் எனப்பட்ட கோலார்ப் பகுதிக்கு உரிய கங்கர் குலத்திலே தோன்றி, அச்சோழனுக்குக் கீழடங்கிய சிற்றரசனாய் விளங்கியவன் சீயகங்கன். பவணந்தி முனிவரைப் போற்றி நன்னூலை இயற்றுவித்தவன் இவனே. ஆகவே நன்னூல் பிறந்த காலத்தில் தகடூரிலும், அதன் அண்டை நாடுகளிலும், கொங்கிலும் சமணப் பள்ளிகள் ஒளி குன்றாமல் இருந்தன என்பது தெளிவு. கல்வி செழிக்கத் துறவியும் புரவலனும் ஒருங்கே வேண்டும். இரண்டும் வாய்த்த காலம் அது.

ஊரும் பேரும்

முனிவரின் வாழ்க்கையைப் பற்றி நமக்கு உறுதியாய்க் கிடைக்கும் சான்று நன்னூலின் சிறப்புப் பாயிரமே. அவர் சனகை என்னும் ஊரைச் சார்ந்தவர் என்பதும், சன்மதி முனிவரின் அருளுக்கு உரியவர் என்பதும் அதனால் விளங்குகின்றன. சன்மதி என்பது பகவான் மகாவீரரின் திருப்பெயர்களுள் ஒன்று. அப்பெயர் பூண்ட முனிவர் பவணந்தியாரின் தந்தையார் என்பர் சிலர். ஞானாசிரியர் என்பர் வேறு சிலர். துறவு மரபில் ஆசிரியரே தந்தையாவதால் இரண்டும் பொருந்தும் என்றே கொள்ளலாம்.

சனகை எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சனநாதபுரம் என்பதன் மரூஉவாகிய அது கங்க நாட்டு ஊர் என்பது ஒரு சாரார் கருத்து. பெருந்துறையை அடுத்த சீனாபுரமே சனகாபுரம் என்பது கொங்கு நாட்டார் மரபு. கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகம் பவணந்தியாரைக் கொங்கின் பெருமைகளுள் ஒருவராக வைத்துப் போற்றுகிறது. விசயமங்கலம் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்தில் நன்னூல் அரங்கேறியது என்னும் செய்தியும் அந்நாட்டில் வழிவழியாக வழங்கி வருகிறது. எவ்வூராயினும், கங்க நாடும் கொங்கு நாடும் தகடூர் நாட்டின் இருமருங்கும் அமைந்தவையே.

முனிவரின் பெயரும் ஒரு குறிப்பைத் தருகிறது. நந்தி என முடியும் பெயர்கள் சமண முனிவர் கணங்களுள் நந்தி கணத்துக்கு உரியவை. அச்சணந்தி, வச்சணந்தி போன்ற பெயர்களைக் கல்வெட்டிலும் நூல்களிலும் காண்கிறோம். துறவுக் கணத்துள் வாழ்ந்து, ஆகமங்களையும் தருக்கத்தையும் இலக்கணத்தையும் ஒருசேரக் கற்றுத் தேர்ந்தவர் பவணந்தியார் என்பதற்கு அவர் நூலே சான்று.

சீயகங்கன் வேண்டுகோள்

மூன்றாம் குலோத்துங்கன் ஆண்டது கி.பி. 1178 முதல் 1218 வரை. அக்காலத்தில் தொல்காப்பியம் ஆழமும் விரிவும் உடையதாய், புதிதாய்க் கற்பவர்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வடமொழி இலக்கண நெறியைத் தழுவிய வீரசோழியம் ஒருபுறம் வழங்கியது. சமணராகிய குணவீர பண்டிதர் வெண்பாவால் எழுத்தையும் சொல்லையும் சுருக்கி நேமிநாதம் செய்தார். மாணவர் எளிதிற் கற்கவும், கற்றோர் ஐயம் நீங்கவும் நிறைவான நூல் ஒன்று வேண்டும் என்று கலைகளில் ஈடுபாடு மிக்க சீயகங்கன் விரும்பினான். அவன் வேண்டியது எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் அடங்கிய நூல். நமக்குக் கிடைத்திருப்பவை எழுத்தும் சொல்லுமே.

பாயிரத்தின் 55 நூற்பாக்களையும் சேர்த்து 462 நூற்பாக்களால் இயன்றது நன்னூல். எழுத்ததிகாரத்தில் ஐந்து இயல்கள்; சொல்லதிகாரத்தில் ஐந்து இயல்கள். ஆசிரியன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும், மாணவன் எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பவற்றை முதலில் வகுத்த பிறகே முனிவர் இலக்கணத்துக்குள் புகுகிறார். எழுத்தியலைத் தொடங்குங்கால், பூத்த அசோக மரத்தின் நிழலில் நான்கு திருமுகங்களோடு காட்சி தரும் அருகனை வணங்கித் தொடங்குகிறார். சமவசரணத்தில் அமர்ந்த பகவானின் திருக்கோலம் அது. அறவுரை ஒலியாய் எழுந்த அத்திருக்காட்சியை முன்வைத்து ஒலியின் இலக்கணத்தை அவர் தொடங்கியது மிகப் பொருத்தமே.

அணுத்திரள்

எழுத்து என்பது யாது? எழுதப்படும் வடிவம் என்று நாம் எளிதாக விடை கூறிவிடுவோம். பவணந்தியார் கூறும் விடை வேறு. சொல்லுக்கு முதற்காரணமாய், அணுக்கள் திரண்டு அதனால் தோன்றும் ஒலியே எழுத்து என்கிறார் அவர். வரிவடிவம் அவ்வொலிக்கு இட்ட அடையாளமே.

இந்த அணுத்திரள் என்னும் சொல்லில்தான் சமண மெய்ப்பொருளியல் முழுதும் பொதிந்திருக்கிறது. ஒலி ஆகாயத்தின் குணம் என்றனர் வைசேடிகர். வேத ஒலி என்றும் உள்ளது, தோற்றமும் அழிவும் அற்றது என்றனர் மீமாம்சகர். சமணர் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், ஒலியைப் புற்கலத்தின், அதாவது சடப்பொருளின், மாறுபாடுகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. உடலும் மூச்சும் மட்டுமல்ல, பேச்சும் மனமும்கூடப் புற்கலத்தால் ஆவன என்பது அந்நூலின் துணிபு. சுவரில் பட்டு மீள்வதும், காற்றால் அடித்துச் செல்லப்படுவதும், பேரொலி செவியைத் தாக்குவதும் பொருளுக்கே இயலும். பொருளல்லாத ஆகாயத்தின் குணத்துக்கு இயலாது என்பது சமணத் தருக்கிகளின் வாதம்.

இங்கு நுண்ணிய கருத்து ஒன்று உண்டு. பொன்னூர் மலையில் திருவடி பதித்த குந்தகுந்த ஆசாரியர் தம் பஞ்சாஸ்திகாயத்தில், தனி அணுவுக்கு ஒலி இல்லை என்றும், அணுக்கள் கூடிய திரள்கள் ஒன்றோடொன்று தாக்கும்போதே ஒலி பிறக்கிறது என்றும் விளக்கினார். தனி அணுவுக்குச் சுவையும் மணமும் நிறமும் ஊறும் உண்டு; ஒலி மட்டும் திரளுக்கே உரியது. பவணந்தியார் அணு என்று கூறாமல் அணுத்திரள் என்று கூறியதன் காரணம் இப்போது விளங்கும். ஒரு சொல் கூட்டியது ஓசை நிரப்புதற்கு அன்று; ஆகம நெறி வழுவாமைக்கே.

இடமும் முயற்சியும்

மூலப்பொருள் ஒன்றேயாயின், அகரம் வேறாகவும் ககரம் வேறாகவும் ஒலிப்பது எங்ஙனம்? இதற்கு விடையாக எழுத்துகளின் பிறப்பை முனிவர் படிப்படியாய் விளக்குகிறார். முதலில் உயிரின் முயற்சி வேண்டும். அம்முயற்சியால் உள்ளிருக்கும் காற்று உந்தப்படுகிறது. அதனால் அணுத்திரள் மேலெழுகிறது. அது மார்பு, கழுத்து, தலை, மூக்கு என்னும் நான்கு இடங்களைப் பொருந்துகிறது. பின்னர் இதழ், நாக்கு, பல், மேல்வாயாகிய அண்ணம் என்னும் நான்கு உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாக வெளிப்படுகிறது.

முறுக்குப் பிழியும் நாழியை எண்ணிப் பார்ப்போம். உள்ளே இடும் மாவு ஒன்றே. அழுத்தும் கையும் ஒன்றே. அச்சின் துளைக்கேற்பத் தேன்குழலாகவும் ஓமப்பொடியாகவும் வடிவம் வேறுபடுகிறது. அவ்வாறே பொருள் ஒன்றாயினும் இடத்தாலும் முயற்சியாலும் எழுத்துகள் வேறுபடுகின்றன.

வல்லினத்துக்கு இடம் மார்பு, மெல்லினத்துக்கு மூக்கு, இடையினத்துக்கும் உயிருக்கும் கழுத்து. இது முதற் பகுப்பு. அடுத்து உறுப்புகளின் தொழில். வாய் திறத்தலாகிய அங்காப்பு ஒன்றாலேயே அகர ஆகாரங்கள் பிறக்கும். அவ்வங்காப்போடு நாவின் அடி விளிம்பு மேற்பல்லைப் பொருந்தினால் இ, ஈ, எ, ஏ, ஐ பிறக்கும். இதழ் குவிந்தால் உ, ஊ, ஒ, ஓ, ஔ பிறக்கும். பன்னிரண்டு உயிரும் மூன்றே தொழில்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

மெய்களுக்கும் இவ்வாறே. ககர ஙகரங்கள் நாவின் அடியும், சகர ஞகரங்கள் நாவின் நடுவும், டகர ணகரங்கள் நாவின் நுனியும் அண்ணத்தில் அவ்வவ்விடத்தைப் பொருந்தப் பிறக்கும். மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தத் தகர நகரங்கள். மேலிதழும் கீழிதழும் பொருந்தப் பகர மகரங்கள். மேற்பல்லைக் கீழிதழ் பொருந்த வகரம். அண்ணத்தை நாநுனி தடவினால் ரகர ழகரங்கள். அதே நாநுனி மிக அழுந்தப் பொருந்தினால் றகர னகரங்கள். உறுப்பு ஒன்றே, இடமும் ஏறத்தாழ ஒன்றே. தடவுதல், அழுந்துதல் என்னும் தொழில் வேறுபாட்டால் எழுத்து வேறாகிறது.

இவ்வாறு இடத்தையும் தொழிலையும் கூறியபின், ஒரே வகையில் பிறக்கும் எழுத்துகளிடையேயும் ஒலியை எடுத்தும் படுத்தும் நலிந்தும் கூறும் முயற்சியால் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு என்றும் முனிவர் சேர்த்துரைக்கிறார். உறுப்புகளின் பெரிய அசைவை மட்டும் கண்டவர் அல்லர் அவர். செவி உணரும் நுண்ணிய மாறுபாட்டையும் அளந்தவர். அரை மாத்திரை மகரம் கால் மாத்திரையாய்க் குறுகுவதையும் விடாமல் வகுத்தவர் அன்றோ!

தொல்காப்பியரும் எழுத்தின் பிறப்பைக் கூறியுள்ளார். கொப்பூழிலிருந்து எழும் காற்றை முதலாக வைத்துத் தலை, கழுத்து, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களையும் அவரே வகுத்தார். பவணந்தியார் அவ்வழியை மதித்துப் பின்பற்றியவர். அதனோடு அவர் சேர்த்தவை, மூலமாகிய உயிரின் முயற்சியும், பொருளாகிய அணுத்திரளும் ஆம்.

இனம் என்பது யாது?

இனி, முனிவரின் நுண்மாண் நுழைபுலம் முழுதும் விளங்கும் இடத்துக்கு வருவோம். எழுத்துகளுள் சில ஓரினம் எனப்படுகின்றன. ககரத்துக்கு ஙகரம் இனம்; அகரத்துக்கு ஆகாரம் இனம். எதனால்? பிறக்கும் இடம், முயற்சி, மாத்திரையாகிய அளவு, பொருள், வடிவு என்னும் ஐந்தனுள் ஒன்றாலேனும் பலவாலேனும் ஒருபுடை ஒத்திருந்தால் அவை இனம் என்று இலக்கணம் வகுக்கிறார் பவணந்தியார்.

வடமொழியில் பாணினி முனிவர் சவர்ணம் என்னும் ஒப்புமையை வகுத்தபோது, வாயில் பிறக்கும் இடமும் முயற்சியும் ஆகிய இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும் என்றார். பவணந்தியாரோ ஒருபுடை ஒப்புமையே போதும் என்கிறார். இதனால் பெறப்படுவது யாது? ஓர் எழுத்து பிளக்க முடியாத கல் அன்று. அதற்குப் பல புடைகள் உண்டு. ஒரு புடையால் ஓர் எழுத்தோடும், மற்றொரு புடையால் வேறோர் எழுத்தோடும் அது உறவு கொள்ளும். ஙகரம் நாவின் தொழிலால் ககரத்துக்கு உறவு. மூக்கொலியால் ஞகரத்துக்கும் மகரத்துக்கும் உறவு. ஒரு மனிதர் தாய்வழியில் ஒரு குடும்பத்துக்கும் தந்தைவழியில் மற்றொரு குடும்பத்துக்கும் உரியவராதலை இதற்கு ஒப்பிடலாம்.

தமக்கெனக் குறில் இல்லாத ஐகாரத்துக்கு இகரத்தையும், ஔகாரத்துக்கு உகரத்தையும் இனமாகச் சேர்த்ததும் இக்கருத்துப் பற்றியே. அகரத்தின் முன் இகரமோ யகரமோ வந்தால் ஐகாரம் போலவும், உகரமோ வகரமோ வந்தால் ஔகாரம் போலவும் ஒலிக்கும் என்று போலி இலக்கணத்தில் அவர் கூறுவதையும் உடன் வைத்து நோக்குக. ஓர் எழுத்தொலிக்குள் இரண்டு எழுத்தொலியின் தன்மைகள் கலந்திருத்தலை அவர் உணர்ந்திருந்தார் என்பது புலனாகும்.

புணர்ச்சியில் காணும் பயன்

இவ்வளவு நுணுக்கமும் எதற்கு? சொற்கள் புணரும்போது நிகழும் மாற்றங்களுக்குக் காரணம் காட்டுதற்கே. மகர ஈற்றுச் சொல் வல்லினத்தோடு புணருங்கால், அம்மகரம் வரும் வல்லினத்துக்கு இனமாகிய மெல்லெழுத்தாய்த் திரியும் என்பது ஒரு விதி. பணம் என்னும் சொல்லைக் கொள்வோம். கொடுத்தான் என்பது வந்தால் பணங்கொடுத்தான்; சேர்த்தான் வந்தால் பணஞ்சேர்த்தான்; தந்தான் வந்தால் பணந்தந்தான்; பெற்றான் வந்தால் பணம்பெற்றான். நான்கிலும் மூக்கொலி நீங்காமல் நிற்கிறது. பிறப்பிடம் மட்டும் வரும் எழுத்தின் இடத்துக்கு நகர்கிறது. எழுத்தின் ஒரு புடை மாற, மறு புடை நிலைத்து நிற்கிறது.

இதற்கு மறுதலையும் உண்டு. மண் என்பதோடு குடம் சேர்ந்தால் மட்குடம்; பொன் என்பதோடு தகடு சேர்ந்தால் பொற்றகடு. ணகரம் டகரமாயிற்று, னகரம் றகரமாயிற்று. இங்கு நாவின் இடம் மாறவில்லை. மூக்கொலிதான் நீங்கிற்று. கல் என்பதோடு மலை சேர்ந்தால் கன்மலை. முள் என்பதோடு முடி சேர்ந்தால் முண்முடி. இங்கோ லகர ளகரங்கள் வரும் மெல்லெழுத்திலிருந்து மூக்கொலியைப் பெற்று னகர ணகரங்களாயின. ஒரு விதியில் இடம் மாறுகிறது. ஒரு விதியில் மூக்கொலி நீங்குகிறது. ஒரு விதியில் மூக்கொலி சேர்கிறது. பிறப்பியலையும் இன இலக்கணத்தையும் மனத்தில் இருத்தியவர்க்கு இவ்விதிகள் நெட்டுருச் செய்ய வேண்டியவை அல்ல, தாமே விளங்குபவை. அதியமான்கோட்டைக் கடைவீதியில் பேசும் எழுத்தறியா முதியவரும் பணங்கொடு என்றே இயல்பாக ஒலிக்கிறார். அவர் நா அறிந்ததை முனிவர் அறிவுக்குக் காட்டினார்.

மேலை நாட்டார் ஆய்வு

எழுத்தொலி தன்னுள் பல கூறுகளை உடையது என்னும் கருத்து, மேலை நாட்டு மொழியியலில் 20ஆம் நூற்றாண்டிலே பெரிதும் ஆராயப்பட்டது. இரசிய அறிஞர் துரூபெத்ஸ்காயின் ஒலியனியல் நூல் அவர் மறைந்தபின் 1939இல் வெளிவந்தது. ஒலிகளை ஒன்றற்கொன்று எதிராக நிறுத்தி, எப்பண்பால் வேறுபடுகின்றன என்று அது ஆராய்ந்தது. 1952இல் ரோமன் யாகப்சன், குன்னர் ஃபான்ட், மோரிஸ் ஹாலே ஆகிய மூவரும், உலக மொழிகளின் ஒலிகளையெல்லாம் சில வேறுபடுத்தும் கூறுகளால் விளக்கலாம் என்றனர். மூக்கொலி உண்டா இல்லையா என்பது போன்ற இருமை வினாக்களே அக்கூறுகள். 1968இல் நோம் சோம்ஸ்கியும் ஹாலேயும் அதனை மேலும் விரித்தனர்.

அவர்கள் கருத்தில் எழுத்தொலி என்பது கூறுகளை ஒன்றாகக் கட்டிய கட்டு. 1985இல் கிளெமன்ட்ஸ் என்னும் அறிஞர் மற்றொரு படி சென்றார். கூறுகள் வெறும் கட்டாக இல்லை. மரத்தின் கிளைபோலப் பிரிந்து, குரல்வளைக்குரியவை ஒரு கிளையாகவும், வாயின் இடத்துக்குரியவை ஒரு கிளையாகவும் அமைந்துள்ளன என்றார். இதற்கு முதன்மையான சான்றாகக் காட்டப்படுவது, மூக்கொலி தன் இடத்தை மட்டும் அடுத்த மெய்யிடமிருந்து பெறும் நிகழ்ச்சியே. மேலே கண்ட பணங்கொடுத்தான், பணந்தந்தான் என்பவற்றில் நிகழ்வதும் அதுவே. அதே ஆண்டில் கே, லோவென்ஸ்டாம், வெர்ன்யோ என்னும் மூவர், உயிரொலிகளெல்லாம் அ, இ, உ என்னும் மூன்று மூலக் கூறுகளின் சேர்க்கையால் அமைந்தவை என்றனர். அங்காப்பு, நாவிளிம்பின் தொழில், இதழ் குவிதல் என்று உயிர்களை மூன்று குழுவாக வகுத்த நம் மரபோடு இதனை ஒப்புநோக்கி மகிழலாம்.

ஒப்புமை கண்டு மகிழும் நாம் அளவு கடந்து உரைத்தல் தகாது. இக்கால இயற்பியல், ஒலியைத் தனிப்பொருளாகக் கொள்வதில்லை. காற்றின் துகள்கள் அதிர்ந்து அலையாய்ப் பரவுவதே ஒலி என்கிறது. திரள்கள் தாக்குண்டு ஒலி பிறக்கும் என்னும் ஆகமக் கருத்துக்கும் இதற்கும் நெருக்கம் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. யகரம் நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் பொருந்தப் பிறக்கும் என்னும் கூற்றும் இன்றைய ஒலிப்பாய்வோடு முற்றும் ஒத்துவருவதில்லை. நாவின் நடுப்பகுதி உயர்வதையே இன்று காட்டுகின்றனர். கருவிகள் ஏதுமின்றித் தம் நாவையும் செவியையும் மட்டுமே துணைக்கொண்டு ஆராய்ந்தவர் முனிவர். எழுத்தின் நடத்தைக்கு அதன் அமைப்பே காரணம் என்னும் நெறியை அவர் வகுத்தமையே நிலைத்த பெருமை. அப்பெருமைக்கு மிகையுரை தேவையில்லை.

உரைகாரர் கைகளில்

முனிவரின் இறுதிக் காலம் பற்றிய செய்தி கிட்டவில்லை. அவர் நூலின் வாழ்வோ நீண்டது. முதலில் உரை கண்டவர் மயிலைநாதர். மயிலாப்பூரில் எழுந்தருளியிருந்த நேமிநாத தீர்த்தங்கரரின் பெயர் பூண்ட சமணப் பெரியார் அவர். பின்னர் 17ஆம் நூற்றாண்டில் சைவராகிய சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை இயற்றினார். 1785இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர் அதனைத் திருத்தி நிறைவாக்கினார். சைவ மடங்களில் நன்னூல் போற்றிக் கற்பிக்கப்பட்டது. ஆறுமுக நாவலர் மாணவர்க்கெனக் காண்டிகையுரை அமைத்து அச்சிட்டார்.

சைவ உரையாசிரியர்க்கு அணுத்திரள் என்னும் சொல் ஓர் இடர்ப்பாட்டைத் தந்திருத்தல் வேண்டும். அவர்கள் கொள்கையில் உலகுக்கு முதற்காரணம் மாயை, அணுக்கள் அல்ல. விருத்தியுரை இதனை எவ்வாறு கடந்தது என்பது சுவையானது. சிறு துகள்களைத் தன் வாய்நீரால் குழைத்துக் கறையான் பெரிய புற்றை எழுப்புவதுபோல, ஐம்புலனுக்கும் உரிய பேருருவங்கள் அணுக்களால் அமைவதை யாவரும் அறிவர். அதனால் தொடக்கமற்ற காரணமாகிய மாயையை இங்கே கூறாமல் அணுத்திரளையே முதற்காரணம் என்றார் ஆசிரியர் என்று அது அமைதி கூறுகிறது. தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. மூலநூலின் சொல்லை மாற்றவும் இல்லை. மாற்றுச் சமயத்தார் நூலைச் சிதைக்காமல் ஏற்றுப் போற்றிய அப்பெருந்தகைமையை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். அவர்கள் பேணியிராவிடில் நன்னூல் இத்துணைப் பரவியிராது.

எனினும், அணுத்திரளின் பின்னணியாகிய ஆருகதக் கொள்கை அவ்வமைதியுள் மறைந்து போயிற்று. 1918இல் உ. வே. சாமிநாத ஐயர் மயிலைநாதர் உரையைப் பதிப்பித்து வெளியிட்டபோது, நூலாசிரியரின் சமயத்தவரே எழுதிய உரை மீண்டும் தமிழுலகுக்குக் கிடைத்தது. சீவக சிந்தாமணிக்குப் பின் அப்பெரியார் செய்த மற்றொரு பேருதவி அது.

நம் கடமை

இன்று நம் பிள்ளைகள் புணர்ச்சி விதிகளைத் தேர்வுக்காக உருப்போட்டுத் தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடுகின்றனர். விதியைக் கற்பிக்கும் நாம் காரணத்தைக் கற்பிப்பதில்லை. வீட்டில் ஒரு குழந்தையை அமர்த்தி, மகரத்தை ஒலிக்கும்போது இதழ் பொருந்துவதையும், ஙகரத்தை ஒலிக்கும்போது நாவின் அடி எழுவதையும், இரண்டிலும் மூக்கு அதிர்வதையும் உணரச் செய்வோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மகரத்தை ஒலித்துப் பார்க்கச் சொல்வோம். பின்னர்ப் பணங்கொடுத்தான் எவ்வாறு வந்தது என்று கேட்டால் குழந்தையே விடை சொல்லும். ஆகம வகுப்புகளில் புற்கலத்தைப் பற்றிப் பயிற்றுவோர், ஒலியும் புற்கலமே என்பதற்கு நன்னூலை எடுத்துக்காட்டலாம். இலக்கணமும் தத்துவமும் ஒரே முனிவர் நெஞ்சில் ஒன்றாய் இருந்தவை. அவற்றை நாம்தான் பிரித்துவிட்டோம்.

அதியமான்கோட்டை போன்ற ஊர்களைக் கடந்து செல்லும் அன்பர்கள், இம்மண்ணில் பள்ளி அமைத்த மன்னரையும், அப்பள்ளிகளில் கற்ற முனிவரையும் ஒரு கணம் நினைவுகூர்வாராக. பேச்சும் பொருளே, அது பிறரைத் தாக்கும், பிறரிடம் சென்று பதியும் என்பது சமணம் கூறும் உண்மை. ஆதலின் அளந்து பேசுதலும், இனியவை கூறுதலும் வெறும் நாகரிகம் மட்டும் அல்ல. அகிம்சையின் ஒரு பகுதியும் ஆகும். எழுத்தின் பிறப்பை ஆராய்ந்த அருந்தவரின் நூல் நமக்கு உணர்த்தும் அறமும் இதுவே. பவணந்தி அடிகளின் திருவடிகளை வணங்கி, நன்னூலைப் பொருளுணர்ந்து கற்போமாக.